கோச் ஆவதற்கு நான் காசு கொடுத்து வாங்கியவை: எது தேறியது, எது தேறவில்லை

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் பத்தொன்பது வருடம் எச்.ஆர். வேலை பார்த்தேன். 2022 மார்ச்சில் அதை விட்டுவிட்டுத் தொழில்முறை கோச் ஆனேன். இந்தத் தொழிலுக்காக இதுவரை நான் காசு கொடுத்து வாங்கியவை என்று பார்த்தால் ஒரு பயிற்சி வகுப்பு, ஒரு மென்ட்டர் (என் கோச்சிங்கைக் கேட்டுத் திருத்துகிற அனுபவமுள்ள கோச்), ஒரு சர்வதேசச் சான்று, அதற்கான தேர்வு, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த ஒரு அறை, 'கிளையன்ட் பிடிப்பது எப்படி' என்று சொல்லித் தருவதாகச் சொன்ன ஒரு ஆன்லைன் வகுப்பு. எல்லாம் சேர்த்து நாலேகால் லட்சம் ரூபாய்க்குப் பக்கம் ஆகியிருக்கிறது. பி.எஃப். பணத்திலிருந்து எடுத்துக் கட்டியது.

வாரத்துக்கு ஒருவராவது போன் செய்து, "நானும் கோச் ஆகலாம்னு இருக்கேங்க மேடம், எந்தக் கோர்ஸ்ல சேரலாம்?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், வேலையில் சலித்துப் போனவர்கள், அல்லது வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர்கள். ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி நேரம் சொல்வதை இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நிறுவனங்களின் பெயரைப் போடவில்லை. ஒரே நிறுவனத்தில் பயிற்றுநர் மாறினால் அனுபவமே மாறிவிடுகிறது, அதனால் பெயரை விட என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் இந்த வார்த்தையே நம் ஊரில் ஒரு சிக்கல். நான் வேலையை விட்ட புதிதில் என் மாமியார் பக்கத்து வீட்டில், "மருமக கோச்சிங் சென்டர் ஆரம்பிச்சிருக்கா" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு அக்கா பிளஸ் டூ படிக்கும் பையனைக் கூட்டிக்கொண்டு, நீட் கோச்சிங் சேர்க்கலாமா என்று வந்துவிட்டார்கள். நமக்குக் கோச்சிங் என்றால் நீட், டிஎன்பிஎஸ்சி, பேங்க் எக்ஸாம். தெரிந்தவர் ஒருவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பது. நான் செய்வது அதற்கு நேர் எதிர். வருகிறவருக்குத்தான் அவர் தொழிலும் குடும்பமும் தெரியும், எனக்குத் தெரியாது. நான் கேள்வி கேட்பேன், காது கொடுப்பேன், அவர் சொன்னதை அவருக்கே கேட்கும்படி திருப்பிச் சொல்வேன். அவராக ஒரு முடிவுக்கு வந்து அதைச் செய்து பார்க்கிறார். இதற்குக் காசு கொடுப்பார்களா என்று அந்த அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் அப்போது பதில் தெரியாது.

சரி, பயிற்சி வகுப்புக்கு வருகிறேன்.

இந்தியாவில் கோச் என்று போர்டு வைக்க எந்த லைசென்ஸும் வேண்டாம், சட்டமும் இல்லை. இன்றைக்கு நினைத்தால் நாளைக்கு விசிட்டிங் கார்டு அடித்துவிடலாம். அதனால்தான் கம்பெனிகள் ஐசிஎஃப் சான்று இருக்கிறதா என்று கேட்கின்றன. ஐசிஎஃப் என்பது சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு. 1995-ல் அமெரிக்காவில் தாமஸ் லியனார்ட் என்பவர் தொடங்கியது, அவர் அதற்கு முன் நிதித் திட்ட ஆலோசகராக இருந்தவர். மூன்று படிகள்: ஏசிசி, பிசிசி, எம்சிசி. முதல் படியான ஏசிசிக்கு குறைந்தது 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேரம் நிஜமான ஆட்களுக்குக் கோச்சிங் கொடுத்த அனுபவம், அதில் 75 மணி நேரமாவது கட்டணம் வாங்கியதாக இருக்க வேண்டும், குறைந்தது எட்டு கிளையன்ட்டுகள், மென்ட்டரோடு 10 மணி நேரம். அடுத்த படியான பிசிசிக்கு 500 மணி நேர அனுபவம், எம்சிசிக்கு 2,500. இந்த எண்களை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் கோர்ஸ் விற்பவர்கள் 60 மணி நேரத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள், 100 மணி நேரத்தை எங்கே போய்த் தேடுவது என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு அந்த நூறு சேர்வதற்குப் பதினாலு மாதம் ஆனது.

நான் சேர்ந்தது பெங்களூருவில் இருந்து ஆன்லைனில் நடந்த வகுப்பு. 1,60,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 1,88,800. சனி, ஞாயிறு காலை ஒன்பதில் இருந்து ஒரு மணி வரை, நான்கு மாதம். இருபத்திரண்டு பேர். பாடத்திட்டம் ஐசிஎஃப் வகுத்த எட்டுத் திறன்களைச் சுற்றித்தான் போகும்: நெறிமுறை, ஒப்பந்தம் போடுவது, நம்பிக்கை, கவனித்துக் கேட்பது, இப்படி. பயிற்றுநர்கள் நல்லவர்கள், அனுபவம் உள்ளவர்கள், நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடித்தார்கள். மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒருவர் கோச், ஒருவர் கிளையன்ட், ஒருவர் பார்வையாளர் என்று மாறி மாறிப் பயிற்சி செய்ய வைத்ததுதான் அந்த வகுப்பின் உயிர். ஸ்லைடுகளை நான் அதற்குப் பிறகு திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு பெரிய குறை. எல்லாமே ஆங்கிலத்தில். என்னிடம் வருகிறவர்கள் கணபதியில் ஃபவுண்டரி வைத்திருப்பவர், சோமனூரில் தறி ஓட்டுகிறவர், ஒரு ஸ்கூல் நடத்துகிற அம்மா. இவர்களிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் பதில் வரும், ஆனால் அது கம்பெனி மீட்டிங்கில் வருகிற பதில் மாதிரி இருக்கும். வகுப்பில் கற்றதை அப்படியே தமிழில் மாற்றிக் கேட்டபோது இன்னும் மோசம். "இதைப் பற்றி நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?" என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கேனுங்க" என்றார். யாரும் அப்படிப் பேசுவதில்லையே, அவர் என்ன செய்வார்.

தமிழில் எந்தக் கேள்வி வேலை செய்கிறது என்பதை நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 'ஏன்' என்று நம் ஊரில் கேட்டால் அது கேள்வியே கிடையாது, குற்றச்சாட்டு. "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்றதுமே எதிரில் இருப்பவர் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற மாதிரி ஆகி, காரணங்களை அடுக்கத் தொடங்கிவிடுவார். அதையே "அப்போ மனசுல என்ன ஓடுச்சுங்க?" என்று கேட்டால் தோள் இறங்கும், குரல் மாறும். 'இலக்கு' என்று சொன்னால் அரசுத் திட்டம் மாதிரி இருக்கிறது, "இன்னிக்குப் பேசி முடிச்சு எந்திரிக்கும்போது எது தெளிவாயிருந்தா நல்லாயிருக்கும்?" என்றால் உடனே புரிகிறது. அப்புறம், எல்லாவற்றிலும் பெரிய கேள்வி எது என்றால், "அப்புறம்?" என்பதுதான். திண்ணையில் உட்கார்ந்து நம் பாட்டிகள் கேட்ட அதே 'அப்புறம்'. அதைச் சரியான இடத்தில், சரியான குரலில், அவசரம் இல்லாமல் கேட்டால் ஒருவர் தான் சொல்ல வந்ததைத் தாண்டிப் போய், தனக்கே தெரியாமல் இருந்ததைச் சொல்லிவிடுகிறார். கிட்டத்தட்ட இரண்டு லட்சம் வாங்கிக்கொண்ட வகுப்பில் இது இல்லை. தமிழிலேயே பயிற்சி செய்து பார்க்க மாதத்துக்கு ஒரு அமர்வாவது வைத்திருக்கலாம், வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் எட்டுப் பேர் இருந்தோம். கருத்துப் படிவத்தில் எழுதினேன். பதில் வரவில்லை.

இப்போது மென்ட்டர். இதைப் பற்றித்தான் நிறைய எழுத ஆசை.

ஐசிஎஃப் கேட்கும் பத்து மணி நேர மென்ட்டர் கோச்சிங்கில் ஏழு மணி நேரம் வரை குழுவாகச் செய்யலாம், மூன்று மணி நேரமாவது தனியாக இருக்க வேண்டும். என் கோர்ஸில் மிகச் சரியாக ஏழும் மூன்றுமாகக் கொடுத்தார்கள். குழு அமர்வில் உங்கள் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும், மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்கலாம் என்பார்கள், உண்மைதான், ஆனால் பார்த்துக் கற்பது வேறு. அந்த மூன்று மணி நேரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, எனக்கு வேண்டியது இதுதான் என்று. கோர்ஸ் முடிந்த பிறகு வெளியில் ஒரு மென்ட்டரைத் தேடிப் பிடித்தேன். அறுபதைத் தாண்டிய அம்மா, தமிழ் நன்றாகத் தெரிந்தவர். மணிக்கு 6,000 ரூபாய், பத்து மணி நேரம், 60,000. வீட்டில் அவருக்கு, அதாவது என் கணவருக்கு, "மறுபடியுமா?" என்று தோன்றியிருக்கும். கேட்கவில்லை.

அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. கிளையன்ட்டின் சம்மதத்தோடு ஒரு அமர்வைப் பதிவு செய்து, அதை நானே என் கையால் வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு வர வேண்டும். தானாக எழுத்தாக்கித் தரும் செயலிகளை முயன்று பார்த்தேன், தமிழும் ஆங்கிலமும் கலந்த கோயம்புத்தூர்ப் பேச்சில் அவை தடுமாறின. ஐம்பது நிமிட அமர்வை எழுதி முடிக்க ஆறு மணி நேரம் ஆனது. ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. ஹெட்போனில் என் குரலையே திரும்பத் திரும்பக் கேட்டு, நிறுத்தி, எழுதி, மறுபடி ஓடவிட்டு. அப்படிச் செய்தபோதுதான் எண்ணிப் பார்த்தேன். ஐம்பது நிமிடத்தில் நாற்பத்தொரு கேள்வி கேட்டிருக்கிறேன். அதில் இருபத்திமூன்று, ஆமாம் அல்லது இல்லை என்று பதில் சொல்லி முடித்துவிடக் கூடியவை. ஆறு இடத்தில் அவர் பேசி முடிக்கும் முன்பே நான் தொடங்கியிருக்கிறேன்.

அந்த அமர்வில் இருந்தவர் ஃபவுண்டரி வைத்திருப்பவர். (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பையன் இன்ஜினியரிங் முடித்துவிட்டுத் தொழிலுக்கு வந்திருக்கிறான், ஆனால் எதிலும் பொறுப்பு எடுக்கவில்லை என்பது அவர் வருத்தம். நான் அவரிடம், "ஒரு லைனை முழுசா பையன்கிட்ட ஒப்படைச்சுப் பாருங்களேன்" என்று சொல்லியிருக்கிறேன். அவரும் "சரிங்க" என்று சொல்லியிருக்கிறார். அப்போது எனக்கு நல்ல அமர்வு என்றுதான் தோன்றியது. அதன் பிறகு அவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை.

மென்ட்டர் அம்மா அந்த எழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, பதிவில் பதினேழாவது நிமிடத்தை ஓடவிடச் சொன்னார். அங்கே ஃபவுண்டரிக்காரர் சொல்கிறார்: "எங்கப்பா என்கிட்ட ஃபவுண்டரி சாவியக் குடுத்தப்ப எனக்கு இருபத்திமூணு வயசுங்க..." அந்த வாக்கியம் முடியவில்லை, அதற்குள் என் குரல் வருகிறது. மென்ட்டர் நிறுத்தினார். "சாவின்னு ஒரு வார்த்தை சொன்னாரே, அது உங்க காதுல விழுந்துச்சா?" என்று கேட்டார். எழுதும்போது நானே என் கையால் அந்த வார்த்தையை எழுதியிருக்கிறேன். அப்போதும் விழவில்லை.

அப்புறம் அவர் என்னிடம் கேட்டது இன்னும் ஆழமாகப் போனது. "அந்த இடத்துல உங்களுக்கு என்ன ஆச்சு?" அவர் கஷ்டப்படுகிறார், உதவி செய்ய வேண்டும் என்று தோன்றியது என்றேன். "அப்புறம்?" நான் எதுவும் சொல்லாவிட்டால் கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று நினைத்துவிடுவாரே என்றேன். "அப்புறம்?" அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை, கொஞ்ச நேரம் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எங்கிருந்தோ 2020 ஜூன் மாதம் வந்தது. லாக்டவுனில் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள், போனில் சொல்ல வேண்டிய வேலை எனக்கு. பட்டியல் என் மேஜையில். ஒவ்வொருவரிடமும் நான் நிறுத்தாமல் பேசினேன், செட்டில்மென்ட் இவ்வளவு, பி.எஃப். இப்படி, ரிலீவிங் லெட்டர் மெயிலில் வரும், வேறு எதுவும் உதவி வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். நான் நிறுத்தினால் எதிர்முனையில் அழுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்கக் கூடாது என்பதற்காகவே இருபது நாள் பேசிக்கொண்டே இருந்தேன். மௌனம் வந்தால் அடுத்து அழுகை வரும் என்று என் உடம்பு அப்போது கற்றுக்கொண்டது போல, அதற்குப் பிறகு யார் முன்னால் உட்கார்ந்தாலும், ஒரு நொடி அமைதி வந்தால் அதை நிரப்பிவிடுவேன். ஆலோசனை சொல்வது என் நல்ல குணம் என்று நான் நினைத்திருந்தேன். என் பயத்துக்கு நான் வைத்த பெயர் அது.

இதை எந்த வகுப்பும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. ஒருவர் பொறுமையாக என் பதிவைக் கேட்டு, ஒரு நிமிடத்தில் நிறுத்தி, ஒரு வார்த்தையைக் காட்டினார். அந்த 60,000 ரூபாய்தான் இந்த நாலேகால் லட்சத்தில் முழுசாகத் தேறியது.

ஃபவுண்டரிக்காரர் ஒன்றரை மாதம் கழித்துத் திரும்ப வந்தார். நான் முதலில் அவரிடம் சொன்னது, போன தடவை நீங்கள் பேசும்போது நான் குறுக்கே பேசிவிட்டேன், மன்னிக்கணும் என்று. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார். "அப்பா சாவி குடுத்தார்னு சொன்னீங்களே, அன்னிக்கு எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து மேஜையில் வைத்தார், கொஞ்ச நேரம் அதையே பார்த்தார், வளையத்தில் ஒவ்வொரு சாவியாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். பதிவில் பிறகு பார்த்தேன், முப்பத்தெட்டு நொடி. "பயமா இருந்துச்சுங்க. எங்கப்பா வெளிய நின்னுட்டாரு. உள்ளயே வரல. ஆறு மாசம் வரல." மறுபடி அமைதி. பிறகு அவராகவே, "நான் உள்ளயே நிக்கிறேனுங்களா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, சாவியைப் பார்த்துக் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

வாடகை அறை பற்றி ஒரு வார்த்தை. அவிநாசி ரோட்டில் ஒரு கோவொர்க்கிங் இடத்தில் மணிக்கு 350 ரூபாய்க்கு மீட்டிங் ரூம் எடுத்தேன். ஏசி, நல்ல நாற்காலி, காபி, பார்க்கிங், எல்லாம் சரி. ஆனால் சுவர் கண்ணாடி. ஒரு பள்ளி நிர்வாகி அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கினார், அந்த நேரம் வெளியே லேப்டாப்போடு போன ஒரு பையன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான், அம்மா உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார், அன்றைக்கு அவ்வளவுதான், அமர்வு முடிந்தது. நீங்கள் அறை பார்க்கப் போனால் முதலில் சுவரைப் பாருங்கள். இப்போது வீட்டு மாடியில் தனிப் படிக்கட்டோடு இருந்த சாமான் அறையைக் காலி செய்து, இரண்டு பிரம்பு நாற்காலி போட்டிருக்கிறேன். மாதம் ஒரு பைசா செலவில்லை. ஆன்லைன் அமர்வுக்கு ஆரம்பத்தில் ஜூம் இலவசக் கணக்கை வைத்திருந்தேன். 2022 நடுவில் இரண்டு பேர் மட்டும் பேசும் அழைப்புக்கும் நாற்பது நிமிட வரம்பு கொண்டுவந்துவிட்டார்கள், ஒருவர் முக்கியமான இடத்தில் இருக்கும்போது திரை அணைந்து போனது. கூகுள் மீட்டுக்கு மாறினேன், இருவர் அழைப்புக்கு அங்கே அந்தத் தொல்லை இல்லை.

கிளையன்ட் பிடிக்கச் சொல்லித் தரும் வகுப்பு: 65,000 ரூபாய். வாங்காதீர்கள். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். 90 நாளில் மாதம் ஐந்து லட்சம் என்று சொன்னார்கள். ஃபேஸ்புக் விளம்பரம், 99 ரூபாய் வெபினார், அதில் வருகிறவர்களுக்கு இன்னும் பெரிய பேக்கேஜ், வாட்ஸ்ஆப் குழுவில் தினமும் காலையில் வெற்றிக் கதை. சொன்னபடி எல்லாம் செய்தேன், விளம்பரத்துக்குத் தனியாக 18,000 போட்டேன். 212 பேர் நம்பர் கொடுத்தார்கள், அதில் ஒன்பது பேர் போனில் பேசினார்கள், ஒருவரும் சேரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டபோது, உங்கள் மனநிலை சரியில்லை, அதனால்தான் வரவில்லை என்று பதில் வந்தது. அந்த வரி என்னை ஒரு மாதம் படுத்தியது, நிஜமாகவே என்னிடம்தான் கோளாறோ என்று. இப்போது யோசித்தால், தன் பிரச்சினையைப் பேச யாரிடம் போகலாம் என்று ஒருவர் தேடும்போது விளம்பரத்தைப் பார்த்தா போவார்? நம்பிக்கையான இன்னொருவர் சொல்லித்தான் போவார். என்னிடம் இன்றுவரை வந்த முப்பத்தி நாலு பேரில் முப்பத்தியொரு பேர் ஏற்கெனவே வந்தவர் சொல்லி வந்தவர்கள், பழைய கம்பெனி ஆட்கள் சொல்லி வந்தவர்கள். அந்த வாட்ஸ்ஆப் குழுவிலேயே நிறைய பேர் கோச்களுக்குக் கோர்ஸ் விற்கும் கோச்களாக மாறிப் போனதையும் பார்த்தேன். எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கடைசியில் உட்கார்ந்து ஒரு மனிதரின் பேச்சைக் கேட்பது யார்?

கட்டணம் சொல்வது தனிக் கதை. எச்.ஆரில் இருந்தபோது கோடிக்கணக்கில் சம்பள பட்ஜெட் போட்டிருக்கிறேன், ஆனால் என் கட்டணத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனது. "பார்த்துக் குடுங்க" என்பேன். ஒருவர் நேராகவே, "பார்த்துக் குடுங்கன்னா எவ்வளவுங்க?" என்று கேட்டார். நான் மரியாதை என்று நினைத்திருந்தது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கிறது. இலவசமாக வந்தவர்கள் மூன்றாவது அமர்வைத் தாண்டவில்லை. இப்போது ஆறு அமர்வுக்கு 30,000 ரூபாய், முன்பணம் பாதி, வர முடியாவிட்டால் ஒரு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். முதல் சந்திப்பிலேயே காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

இதில் ஐசிஎஃப் விதி ஒன்று எனக்குப் பிடித்தது. கட்டணம் வாங்கிய மணி நேரம் என்று கணக்கு வைக்கத் தொகை எவ்வளவு என்பது முக்கியமில்லை, பொருளாகவோ பதில் வேலையாகவோ வாங்கினாலும் சேரும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு அண்ணன், ரொக்கமாகக் கையில் இல்லாத சமயம், ஒவ்வொரு அமர்வுக்கும் நாற்பது தேங்காய் கொண்டுவந்து இறக்கினார். உரித்து, குடுமியோடு, எண்ணி. ஏழு அமர்வு. என் பதிவேட்டில் ஏழு மணி நேரம், கட்டணத்தோடு என்று எழுதியிருக்கிறேன். அவர் ஒரு தடவைகூட நேரம் தவறவில்லை. தேங்காயை வண்டியில் ஏற்றி முப்பது, நாப்பது கிலோமீட்டர் வருகிறவர் எதையாவது தேடித்தானே வருவார்.

தேர்வு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் 2023-ல் எழுதியபோது, ஒரு சூழ்நிலையைக் கொடுத்து, நான்கு பதிலில் சிறந்தது எது, மோசமானது எது என்று கேட்டார்கள். மனப்பாடம் உதவாது. நூறு மணி நேரத்தை உண்மையாகச் செய்திருந்தால் எழுதிவிடலாம். தேர்வு முறையையும் விதிகளையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள், சேரும் முன் அவர்கள் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கட்டணம் டாலரில், உறுப்பினராக இருந்தால் குறையும். சான்றால் எனக்குக் கிடைத்தது என்ன என்றால், மூன்று கம்பெனிகளின் வெண்டர் பட்டியலில் பெயர் ஏறியது. வீட்டு மாடிக்கு வருகிற ஒருவரும் இதுவரை சான்றைக் கேட்டதில்லை. ஆக, கம்பெனி வேலை எடுக்கப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். தனி ஆட்களுக்கு மட்டும் என்றால் அவசரப்பட வேண்டாம், பயிற்சியும் மென்ட்டரும் போதும்.

ஒன்றை மட்டும் எந்தக் கோர்ஸில் சேர்ந்தாலும் விடாமல் கேட்டு வாங்குங்கள்: எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற பாடம். போன வருடம் ஒருவர் வந்தார். தொழிலில் கடன், அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். இரண்டாவது அமர்வில், மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது என்றார். அது கோச்சிங் இல்லை. அங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது தப்பு. நான் அப்போதே அமர்வை நிறுத்திவிட்டு அவரிடம் வெளிப்படையாகச் சொன்னேன், இதற்கு டாக்டரைப் பார்க்கணும், நான் கூட இருக்கிறேன் என்று. அவர் முன்னாலேயே 14416-க்கு அழைத்தோம், மத்திய அரசின் டெலி மனாஸ் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசுகிறார்கள், இருபத்திநாலு மணி நேரமும் உண்டு. அவர் மனைவியை வரவழைத்து, மறுநாள் காலையே மனநல மருத்துவரிடம் போனார்கள். வாங்கிய பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தேன். நாலு மாதம் கழித்து, இப்போது தூங்குகிறேன் என்று மெசேஜ் அனுப்பினார். கோச்சிங்குக்குத் திரும்ப வரவில்லை, வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. இந்த எண் என் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது.

வருமானம் கேட்பீர்கள். முதல் வருடம், செலவு போக, ஒன்றுமில்லை. இரண்டாம் வருடம் வீட்டுக் கரண்ட் பில்லும் மளிகையும் நான் கட்டினேன். இப்போது பழைய சம்பளத்தில் முக்கால் பங்கு வருகிறது, சில மாதம் பாதிதான். கையில் ஒன்றரை வருடச் செலவுக்குப் பணம் இல்லாமல் வேலையை விடாதீர்கள். வேலையில் இருந்துகொண்டே சனி, ஞாயிறில் முதல் ஐம்பது மணி நேரத்தைச் சேர்த்துப் பாருங்கள். பதிவு செய்து, உங்கள் கையால் எழுதிப் பாருங்கள். அதைச் செய்யப் பிடித்திருந்தால் மட்டும் அடுத்த ரூபாயைப் போடுங்கள்.

ஏசிசி சான்றை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், 40 மணி நேரத் தொடர்கல்வி, மறுபடி மென்ட்டரோடு 10 மணி நேரம். எனக்கு இந்த வருடம் முறை வருகிறது. மலிவாக, பெரும்பகுதியைக் குழுவிலேயே முடித்துக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன, விளம்பரம் தினமும் வருகிறது. நான் அந்த அம்மாவிடமே பத்து மணி நேரத்துக்கும் சொல்லி வைத்துவிட்டேன், அவர் இப்போது மணிக்கு 7,500 ஆக்கியிருக்கிறார். முதல் அமர்வுக்குத் தோப்பு அண்ணனின் நாலாவது அமர்வைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருபத்திரண்டாவது நிமிடம் வரை வந்திருக்கிறது, இதுவரை ஒரே ஒரு இடத்தில்தான் குறுக்கே பேசியிருக்கிறேன். மீதியை இந்தச் சனிக்கிழமை எழுத வேண்டும்.